விடுபட்டவள் எங்கே போனாள்?

ஓசூரில் பட்டம் முடித்த பெண்களுக்குச் சொல்லப்படும் வெற்றிக் கதைகளில் ஒன்று இப்படிப் போகிறது. அவள் புள்ளியியலோ உயிர்த்தொழில்நுட்பமோ மருந்தியலோ படித்தவள். ஆறு மாதம் எஸ்.ஏ.எஸ்., ஆர், பைத்தான் கற்கிறாள். ஜூஜூவாடி தாண்டி, அத்திப்பள்ளி தாண்டி, பொம்மசந்திராவிலோ எலக்ட்ரானிக் சிட்டியிலோ ஒரு மருத்துவ ஆய்வு நிறுவனத்தில் வேலைக்குச் சேர்கிறாள். முதலில் தரவுகளைச் சரிபார்க்கும் வேலை, பிறகு புள்ளியியல் நிரல் எழுதும் வேலை, கடைசியில் டேட்டா சயின்டிஸ்ட் என்ற பதவி. வீட்டுக் கடன் அடைகிறது. கல்யாணப் பேச்சு நான்கைந்து வருடம் தள்ளிப்போகிறது.

இந்தக் கதையை நான் குறைத்து மதிக்கவில்லை. குழந்தைத் திருமணம் இன்னும் முழுதாக ஒழியாத கிருஷ்ணகிரி மாவட்டத்தில், ஒரு பெண்ணின் கல்யாணம் அவளுடைய சம்பளத்தால் தள்ளிப்போவது சின்ன விஷயமல்ல. ஆனாலும் இந்தக் கதையைப் பெண்ணிய நோக்கில் படிக்கும்போது ஒன்று இடறுகிறது. கதையில் ஒரே ஒரு பெண்தான் இருக்கிறாள். மருத்துவத் தரவு உருவாக மூன்று பெண்களாவது வேண்டும். தன் உடலிலிருந்து தரவைத் தருபவள் ஒருத்தி. வீடு வீடாகவோ வார்டு வார்டாகவோ போய் அதை எழுதி எடுப்பவள் இன்னொருத்தி. குளிர்சாதன அறையில் உட்கார்ந்து அதை ஆராய்பவள் மூன்றாமவள். தொழில் வழிகாட்டிக் கதை மூன்றாமவளை மட்டும் நாயகியாக்குகிறது. மற்ற இருவரையும் மறக்கத் தெரிவதையே அவளுடைய தொழில்திறன் என்று கற்பிக்கிறது. இந்தக் கட்டுரை அந்த மறதியைப் பற்றியது.

அந்த வேலை எப்படி நடக்கிறது என்று முதலில் பார்ப்போம். ஒரு மருந்துச் சோதனையில் நோயாளி ஒவ்வொரு முறை மருத்துவமனைக்கு வரும்போதும் அவருடைய விவரங்கள் ஒரு படிவத்தில் ஏறும். இரத்த அழுத்தம், சர்க்கரை அளவு, பக்கவிளைவு, மருந்து எடுத்த தேதி என்று நூற்றுக்கணக்கான கட்டங்கள். கட்டம் காலியாக இருந்தாலோ முன்னுக்குப்பின் முரணாக இருந்தாலோ தரவுப் பிரிவிலிருந்து மருத்துவமனைக்கு ஒரு கேள்வி போகும். அதைத் துறையில் ‘கொயரி’ என்பார்கள். எல்லாக் கேள்விகளுக்கும் பதில் வந்ததும் தரவுத்தளம் பூட்டப்படும். அதன்பின் முறையான அனுமதி இல்லாமல் யாரும் எதையும் மாற்ற முடியாது. அதுவரை எத்தனை கேள்விகள் முடிக்கப்பட்டன, எத்தனை நிலுவையில் உள்ளன என்பதுதான் அங்கே வேலை செய்யும் பெண்ணின் திறமைக்கு அளவுகோல். கேள்வியை முடிப்பதற்கு மதிப்பெண் உண்டு. கேள்வியை நீட்டிப்பதற்கு இல்லை.

நோயாளி ஒருநாள் வராமல் நின்றுவிட்டால், படிவத்தில் ‘லாஸ்ட் டு ஃபாலோ-அப்’ என்று ஒரு குறிப்பு விழும். தொடர்பு அறுந்தவர் என்று பொருள். அந்தக் குறிப்பு விழுந்ததும் அடுத்து வரும் காலிக் கட்டங்களைப் பற்றி யாரும் கேட்க வேண்டியதில்லை. மருத்துவத் தரவுலகில் மிகச் சுலபமாக மூடப்படும் கதவு இதுதான். அந்தக் கதவுக்குப் பின்னால் இருப்பவள் எங்கே போனாள்?

இந்த எல்லைப் பகுதியில் பலமுறை விடை மிக எளியது. அவள் அம்மா வீட்டுக்குப் போயிருக்கிறாள்.

ஓர் எடுத்துக்காட்டு வைத்துக்கொள்வோம். ஓசூரில் கர்ப்பிணிகளின் இரத்தசோகையைப் பற்றி ஓர் ஆய்வு நடக்கிறது. நான்காம் மாதம் ஒரு பரிசோதனை, ஆறாம் மாதம் ஒன்று, ஒன்பதாம் மாதம் ஒன்று. இங்கே தலைப்பிரசவம் தாய் வீட்டில்தான். ஏழாம் மாதமோ ஒன்பதாம் மாதமோ வளைகாப்பு முடிந்ததும் பெண்ணை அழைத்துப் போய்விடுவார்கள். அந்தத் தாய் வீடு ஆனேக்கல்லில் இருக்கலாம், மாலூரில் இருக்கலாம், குப்பத்தில் இருக்கலாம். மூன்று மாநிலங்கள் சந்திக்கும் இந்த மண்ணில் கல்யாண உறவுகள் மாநில எல்லையைக் கேட்டு அமைவதில்லை. ஆனால் சுகாதாரப் பதிவேடுகள் எல்லைக்கோட்டில் நின்றுவிடுகின்றன. ஒன்பதாம் மாதக் கட்டம் காலி. படிவத்தில் உள்ள தொலைபேசி எண் பெரும்பாலும் கணவனுடையது. அவன் தொழிற்சாலையில் ஷிப்டில் இருக்கிறான், எடுக்கவில்லை. அவள் தொலைந்துபோனவள் ஆகிவிடுகிறாள்.

அவள் தொலையவில்லை. அவளுக்கு நன்கு தெரிந்த ஊரில், அவளைப் பெற்றவள் பக்கத்தில் இருக்கிறாள். தொலைந்தது படிவத்தின் பார்வைதான்.

காலிக் கட்டத்தை என்ன செய்வது என்று புள்ளியியலில் நீண்டகாலமாக விவாதம் உண்டு. பல காலம் வழக்கத்தில் இருந்த ஒரு முறை, கடைசியாக எடுத்த அளவையே அடுத்த கட்டங்களுக்கும் நகர்த்தி எழுதிவிடுவது. ஆறாம் மாதம் இரத்தச் சிவப்பணுப் புரதம் 10 என்றால் ஒன்பதாம் மாதமும் 10. நாம் கடைசியாகப் பார்த்த நாளில் அவள் எப்படி இருந்தாளோ அப்படியே நின்றுவிட்டாள் என்று கொள்வது அது. இடையில் அவள் உடல் என்ன பட்டது, தாய் வீட்டில் சாப்பாடு தேறியதா குறைந்ததா, எதுவும் கணக்கில் இல்லை. பெண்ணை மாறாதவளாகவே நினைத்துக்கொள்ளும் பழக்கம் நம் குடும்பங்களில் மட்டும் இல்லை, சூத்திரங்களிலும் இருந்திருக்கிறது.

1976-ல் டொனால்ட் ரூபின் என்ற அமெரிக்கப் புள்ளியியலாளர் விடுபட்ட தரவைப் பற்றி ஓர் அடிப்படையான கட்டுரை எழுதினார். அதன்வழி வந்த பாடத்தை இன்று எல்லா மாணவிகளும் மூன்று வகையாகப் படிக்கிறார்கள். கட்டம் முழுக்கத் தற்செயலாகக் காலியாகலாம். இரத்தக்குழாய் கைதவறி உடைந்தது போல. நம்மிடம் இருக்கும் வேறு விவரத்தால் விளக்கக்கூடிய காரணத்தால் காலியாகலாம். தலைப்பிரசவம் என்பதால் ஊருக்குப் போனவள் போல. அல்லது, தெரியாமல் போன அந்த அளவே காரணமாகக் காலியாகலாம். சோகை முற்றி எழுந்து நடக்க முடியாததால் வராதவள் போல. மூன்றாவது வகைதான் ஆபத்தானது. மிக மோசமாக இருப்பவளே கணக்கிலிருந்து விழுந்துவிடுகிறாள். மிஞ்சியவர்களை வைத்து ஆய்வு நல்ல முடிவு சொல்லிவிடுகிறது.

கவனியுங்கள், இந்த மூன்றில் எது நடந்தது என்று தரவை மட்டும் பார்த்துச் சொல்லிவிட முடியாது. அதற்கு வாழ்க்கை தெரிந்திருக்க வேண்டும். தலைப்பிரசவம் என்றால் என்ன, ஏழாம் மாதம் யார் எங்கே போவார்கள், யாருடைய தொலைபேசி யார் கையில் இருக்கும் என்பது தெரிந்திருக்க வேண்டும். ஓசூரிலிருந்து போய் அந்த மேசையில் உட்காரும் பெண்ணுக்கு இது எல்லாமே தெரியும். அவளுடைய வேலைக்கான தகுதிப் பட்டியலில் மட்டும் இதற்கு இடமில்லை.

வீட்டுக்குள் நடப்பது எப்படிக் கணக்கிலிருந்து விழுகிறது என்பதற்கு நம் மாநிலத்திலேயே உலகப் புகழ்பெற்ற சான்று ஒன்று உண்டு. 1956-ல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், அன்றைய மதராஸ் அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் குழு ஆகிய நான்கும் சேர்ந்து சென்னையில் காசநோய் வேதிச்சிகிச்சை மையத்தைத் தொடங்கின. இன்று அது தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனம். அங்கே 193 நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்கு ஓராண்டு சானடோரியத்தில் சிகிச்சை. மற்றதற்கு அதே மருந்துகள், ஆனால் வீட்டில். 1959-ல் முடிவு வெளியானது. சானடோரியத்தில் ஓய்வும் நல்ல உணவும் செவிலியர் கவனிப்பும் இருந்தும், வீட்டில் இருந்தவர்களின் பலன் ஏறக்குறைய அதற்கு நிகராக வந்தது. பின்னாளில் வீட்டாரைத் தொடர்ந்து கவனித்தபோது, வீட்டில் வைத்துச் சிகிச்சை தந்ததால் குடும்பத்தினருக்குத் தொற்று கூடிவிடவில்லை என்பதும் தெரிந்தது. உலகம் முழுவதும் காசநோய்ச் சிகிச்சையின் போக்கையே மாற்றிய ஆய்வு அது. ஏழை நோயாளிக்குப் படுக்கை கிடைக்கும்வரை காத்திருக்க வேண்டியதில்லை என்றாகிவிட்டது. அதன் மதிப்பில் எனக்குச் சந்தேகமே இல்லை.

என் கேள்வி ‘வீடு’ என்ற சொல்லின் மீது. சானடோரியம் என்றால் படுக்கை, செவிலியர், சமையல், செலவு. எல்லாவற்றுக்கும் கணக்கு உண்டு. வீடு என்றால்? நெரிசலான ஓர் அறையில் இருமிக்கொண்டிருக்கும் கணவனுக்கு மாத்திரையை நினைவூட்டியவர் யார்? சளிக் கிண்ணத்தைக் கழுவியவர் யார்? நோயாளி அவளாகவே இருந்தால் அந்த வேலைகளை அவளுக்குச் செய்தவர் யார், அல்லது யாருமில்லையா? வீட்டுச் சிகிச்சை மலிவானது என்று உலகம் கொண்டாடியபோது, மலிவின் ஒரு பகுதி பெண்களின் கூலியில்லா உழைப்பிலிருந்து வந்தது. அந்த உழைப்புக்குப் படிவத்தில் கட்டமே கிடையாது. விடுபட்ட தரவு என்று சொல்லக்கூட, முதலில் ஒரு கட்டம் இருந்தாக வேண்டும்.

இங்கே நம் தோழிகள் பலர் சொல்லும் தீர்வு ஒன்று உண்டு. தரவில் பெண்கள் இல்லை, ஆகவே பெண்களைச் சேர்க்க வேண்டும். கரோலின் கிரியாடோ பெரெஸ் 2019-ல் எழுதிய ‘இன்விசிபிள் விமன்’ நூல் இந்த வாதத்தை உலகெங்கும் கொண்டுசேர்த்தது. வாதத்துக்கு வலுவான ஆதாரம் இருக்கிறது. 1977-ல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு, கருத்தரிக்கக்கூடிய வயதுப் பெண்களைத் தொடக்கநிலைச் சோதனைகளிலிருந்து விலக்கச் சொன்னது. 1993-ல்தான் அது தளர்ந்தது. 1992-ல் அங்கே அனுமதி பெற்ற சோல்பிடெம் என்ற தூக்க மாத்திரை, பெண்களின் உடலில் மெதுவாகவே கழிகிறது. மறுநாள் காலையிலும் இரத்தத்தில் கூடுதலாகத் தங்குகிறது. பெண்களுக்கான அளவு பாதியாக்கப்பட்டது 2013-ல். இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆணுக்கு அளந்ததையே பெண்ணும் விழுங்கினாள்.

ஆனால் இந்த வாதத்தை அப்படியே நம் ஊருக்குக் கொண்டுவர எனக்குத் தயக்கம் உண்டு. இந்திய ஏழைப் பெண்ணின் சிக்கல் தரவில் இல்லாமல் போவது மட்டும் அல்ல. கேட்காமலே தரவாக்கப்படுவதும்தான்.

1985-ல் ஐதராபாத் அருகே படான்சேருவில், நெட்-என் என்ற கருத்தடை ஊசியின் சோதனையில் சேர்க்கப்பட்ட பெண்களுக்கு அது சோதனை என்பதே சரிவரச் சொல்லப்படவில்லை என்பதை ஸ்திரீ சக்தி சங்கட்டனா அமைப்பின் பெண்கள் கண்டறிந்தார்கள். மறு ஆண்டு உச்ச நீதிமன்றம் சென்றார்கள். 2009-ல் ஆந்திராவின் கம்மம் மாவட்டத்திலும் குஜராத்தின் வதோதராவிலும் ஆயிரக்கணக்கான சிறுமிகளுக்குக் கருப்பைவாய்ப் புற்றுநோய்த் தடுப்பூசி ஓர் ஆய்வுத் திட்டத்தின்கீழ் போடப்பட்டது. கம்மத்தில் பல பழங்குடிச் சிறுமிகளுக்கு, பெற்றோருக்குப் பதிலாக விடுதிக் காப்பாளர்களே ஒப்புதல் படிவத்தில் கையெழுத்திட்டிருந்தார்கள். 2010-ல் திட்டம் நிறுத்தப்பட்டது. 2013-ல் நாடாளுமன்ற நிலைக்குழு அதைக் கடுமையாகக் கண்டித்தது. அந்தத் தடுப்பூசி பயனுள்ளது, நம் பெண்களுக்குத் தேவையானது. கேள்வி ஊசியைப் பற்றியது அல்ல, கையெழுத்தைப் பற்றியது.

சென்னையின் கதை இன்னும் நெருங்கியது. 1986-ல் இந்தியாவில் எச்.ஐ.வி. தொற்றை முதலில் கண்டறிந்தவர்கள் சென்னை மருத்துவக் கல்லூரிப் பேராசிரியர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி நிர்மலாவும். இரத்த மாதிரிகளைச் சேகரித்தவர் நிர்மலா. அவற்றைத் தன் வீட்டுக் குளிர்பதனப் பெட்டியில் வைத்துப் பாதுகாத்து, வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்குக் கொண்டுபோய்ச் சோதித்தார். நீண்டகாலம் அவர் பெயர் பரவலாகப் பேசப்படவில்லை. இரண்டாமவளுக்கு நேர்வது இதுதான்: சேகரித்தவள் பின்னால் போய்விடுகிறாள். முதலாமவளுக்கு நேர்ந்ததோ அதைவிடக் கொடியது. இரத்தம் தந்தவர்கள் பாலியல் தொழிலுக்காகக் கைதாகிக் காப்பகத்தில் இருந்த பெண்கள். அடுத்த ஆண்டுகளில், தொற்று உள்ளது என்ற ஒரே காரணத்துக்காகத் தண்டனைக்காலம் முடிந்தும் பல பெண்கள் வெளியே விடப்படவில்லை. பத்திரிகையாளர் சியாமளா நடராஜ் சென்னை உயர் நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்த பிறகே, 1990-ல் அவர்களுக்கு விடுதலை கிடைத்தது. ஒரு கட்டத்தில் ‘பாசிட்டிவ்’ என்று எழுதப்பட்ட சொல், ஒரு பெண்ணுக்குப் பூட்டாக மாறியது. அங்கே அவள் தரவில் விடுபடவில்லை. தரவிலிருந்து விடுபட முடியாமல் தவித்தாள்.

ஆக, ‘பெண்களைச் சேர்’ என்பது பாதித் தீர்வு. என்ன சொல்லிச் சேர்த்தீர்கள், அந்தத் தரவு அவளுக்கு என்ன செய்யும் என்பது மறுபாதி.

இன்று நம் மாவட்டத்துக்கு வருவோம். 2021 ஆகஸ்ட் 5 அன்று ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் தொடங்கப்பட்டது கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில்தான். வீடு தேடிப் போய் இரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்த்து, மருந்து கொடுத்து, விவரத்தைப் பதிவேற்றும் வேலையைச் செய்பவர்கள் மகளிர் சுகாதாரத் தன்னார்வலர்கள். சுயஉதவிக் குழுக்களிலிருந்து வந்த பெண்கள். திட்டம் தொடங்கியபோது அவர்களுக்கு மாதம் 4500 ரூபாய், அதற்குப் பெயர் ஊக்கத்தொகை. தன்னார்வலர் என்ற சொல்லே அவர்களைத் தொழிலாளி என்ற சொல்லிலிருந்து விலக்கிவைக்கிறது. எந்த வீட்டில் மாமியார் மாத்திரையை மருமகளுக்குத் தெரியாமல் தூக்கிப் போடுகிறார், எந்தக் கிழவி சர்க்கரை ஏறியும் ரேஷன் அரிசி தவிர வேறு சாப்பாடு இல்லாமல் இருக்கிறாள் என்பதெல்லாம் அவர்களுக்குத் தெரியும். செயலியில் இதற்குக் கட்டம் இருக்காது. எலக்ட்ரானிக் சிட்டியில் இதே வகைத் தரவை ஆராய்பவள் ஒரு மாதத்தில் வாங்குவதை, சாமனப்பள்ளியில் அதைச் சேகரிப்பவள் ஒரு வருடத்தில் பார்ப்பாளா என்பதும் சந்தேகம். இருவரும் ஒரே மாவட்டத்துப் பெண்களாக இருக்கலாம், ஒரே வீட்டின் அக்கா தங்கையாகக்கூட இருக்கலாம். தொழில் வழிகாட்டிக் கதை தங்கையை ‘டேட்டா சயின்டிஸ்ட்’ என்கிறது. அக்காவுக்கு அந்தக் கதையில் வரியே இல்லை.

புள்ளியியல் கற்பிக்கும் எனக்கு, மாணவிகளை இந்த வேலைக்குப் போகாதே என்று சொல்லும் எண்ணம் இல்லை. போக வேண்டும். ஆனால் மறக்கச் சொல்லும் பாடத்தை மறுத்துவிட்டுப் போக வேண்டும். அதற்கு அந்தத் துறையின் உள்ளேயே இடமும் இருக்கிறது. மருந்துச் சோதனைகளுக்கான சர்வதேச நெறிமுறைகளில் ஈ-9 என்பது புள்ளியியலுக்கானது. 2019-ல் அதற்கு ஓர் இணைப்பு சேர்ந்தது. நோயாளி மருந்தை நிறுத்துவது, வேறு சிகிச்சைக்கு மாறுவது போன்ற நிகழ்வுகளை வெறும் காலிக் கட்டமாக ஒதுக்காமல், அவை ஏன் நிகழ்கின்றன, ஆய்வின் கேள்விக்கே அவை என்ன பொருள் தருகின்றன என்று தொடக்கத்திலேயே யோசிக்கச் சொல்கிறது அது. பெண்கள் தலைமுறைகளாகக் கேட்டுவந்ததைத் துறை தன் மொழியில் சொல்லத் தொடங்கியிருக்கிறது என்றே நான் அதைப் படிக்கிறேன்.

அந்த இடத்தைப் பயன்படுத்தச் சின்னச் சின்ன வழிகள் உண்டு. படிவம் தயாராகும் கூட்டத்தில், தாய் வீட்டு ஊருக்கும் அங்குள்ள தொலைபேசி எண்ணுக்கும் ஒரு கட்டம் கேட்கலாம். தொடர்பு எண் யாருடையது என்று ஒரு கட்டம் கேட்கலாம். தொடர்பு அறுந்தவர்களில் பெண்கள் எத்தனை பேர், எந்த மாதத்தில் அறுந்தார்கள் என்று தனியாக ஓர் அட்டவணை போடலாம். ஒப்புதல் படிவத்தில் கணினி சரிபார்ப்பது தேதியை மட்டும்: கையெழுத்து முதல் பரிசோதனைக்கு முன் வந்ததா என்று. விடுதிக் காப்பாளரின் கையெழுத்தும் அந்தச் சோதனையில் தேறிவிடும். தமிழும் தெலுங்கும் கன்னடமும் உருதும் ஒரே தெருவில் பேசும் ஓசூரில், எந்த மொழியில் விளக்கப்பட்டது, விளக்கியவர் யார், அவள் திருப்பி என்ன கேட்டாள் என்று மூன்று கட்டங்கள் சேர்க்கச் சொல்லலாம். எல்லாக் கூட்டத்திலும் இவை ஏற்கப்படாது. ஏற்கப்படவில்லை என்பதும் கூட்டக் குறிப்பில் பதிவாகட்டும்.

இதில் செலவு உண்டு என்பதை மறைக்க வேண்டியதில்லை. கேள்வியை முடிப்பவளுக்கே பதவி உயர்வு என்ற இடத்தில், கேள்வியைத் திறந்து வைப்பவள் தாமதத்துக்குக் காரணமானவள் ஆவாள். ஆகவே இதைத் தனி ஒருத்தியின் வீரமாக விட்டுவிடக் கூடாது. தரவு எழுதுபவளும் ஆராய்பவளும் ஒரே சங்கத்தில், ஒரே வாசிப்புக் குழுவில், குறைந்தது ஒரே உரையாடலில் இருக்க வேண்டும். சுகாதாரத் தன்னார்வலரின் ஊதியக் கோரிக்கை டேட்டா சயின்டிஸ்டின் கோரிக்கையும் ஆக வேண்டும். தன் மேசைக்கு வரும் எண்ணின் தரம் அந்த ஊதியத்தில்தான் தொடங்குகிறது என்பது அவளுக்குத் தெரியாததல்ல.

‘தொடர்பு அறுந்தவர்’ என்ற குறிப்பைத் தட்டச்சு செய்வதற்கு முன், அறுத்தது யார் என்று ஒரு வரி எழுதிப் பாருங்கள். பெரும்பாலும் அவளாக இருக்கமாட்டாள்.